டெய்சி அக்கா கிணறும் யாரும் படிக்காத அறிக்கையும்

பூமிக்கு அடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்வது என் தொழில். நான் சொன்ன இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் தோண்டுவது ஜனங்களின் தொழில். தொண்ணூறுகளில் ஆரம்பித்துப் பதினைந்து, பதினாறு வருஷம், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை, ஒரு பெட்டி, நாலு இரும்புக் கம்பி, ரெண்டு சுருள் ஒயரோடு அலைந்திருக்கிறேன். கம்பியைத் தரையில் அடித்து மின்சாரம் விட்டால் கீழே ஈரமா, பாறையா, உப்பா என்று பெட்டி காட்டிக் கொடுக்கும். அதைப் பார்த்து ஓர் இடத்தில் முளை அடிப்பேன். எத்தனை அடி போகலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுப்பேன். அதை பயபக்தியோடு வாங்கி, மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார்கள்.

உங்கள் வீட்டிலும் போர் போட்டிருப்பீர்கள். அதனால் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? இதில் ஒரு டீக்கடைக் கிணறு வருகிறது. மனசை அரிப்பது அதுதான். மற்றதெல்லாம் அதைச் சொல்லத் தைரியம் வரவழைத்துக்கொள்ளும் பேச்சு.

ஈசானிய மூலை

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர். புது மனை. அங்கே பத்துப் பதினைந்து அடி மண், அதற்குக் கீழே கருங்கல். மழையும் காற்றும் யுகக்கணக்காக அரித்து அந்தக் கல்லை எங்கே இளக்கி வைத்திருக்கிறதோ, அங்கேதான் தண்ணீர் தங்கும். அவர் மனையில் அது தென்மேற்கு மூலை. முளை அடித்ததும் மனிதர் முகம் சுருங்கிவிட்டது. வாஸ்துப்படி தண்ணீர் வடகிழக்கில்தான் இருக்க வேண்டுமாம். கொஞ்சம் தள்ளிக் காட்டுங்களேன் என்று, ஜவுளிக்கடையில் வேறு கலர் கேட்பது போலக் கேட்டார்.

நான் கிளம்பியதும் என் முளையைப் பிடுங்கி வடகிழக்கில் நட்டிருக்கிறார். துளை போடுகிற ரிக் வண்டி முன்னூறு அடி இறங்கி, மாவு மாவாகக் கல்தூளைக் கக்கியது. காற்று அதை அள்ளிப் போய்த் தெருவில் காய்ந்த துணிக்கெல்லாம் பூசியது. அடுத்த வாரம் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவரிடம் விசாரித்தேன். துளி வருத்தம் இல்லை. "இடம் கரெக்டாத்தான் சார் இருந்துச்சு, தண்ணிதான் வரல."

கடல் மேல் ஒரு கடை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி டெய்சி அக்காவின் டீக்கடை. அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அக்கா சொந்தச் சம்பாத்தியத்தில் மூணு சென்ட் வாங்கி, கடைக்குப் பின்னால் உறைக்கிணறு இறக்கினார். பதினாறு அடிதான். அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் கடல், தண்ணீரோ இளநீர். தெருவே குடத்தோடு அங்கே நிற்கும். கடற்கரைப் பக்கம் எந்த வேலைக்குப் போனாலும் எனக்கு அங்கே ஒரு டீ குடித்தாக வேண்டும்.

ஒரு கோடையில், இன்னும் பத்தடி ஆழப்படுத்தட்டுமா என்று கேட்டார். கம்பி அடித்துப் பார்த்துவிட்டு, வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மணலில் இறங்குகிற மழைத்தண்ணீர், அடியில் இருக்கிற உப்புத்தண்ணீர் மேல் பாலேடு மாதிரி மிதக்கிறது. மேலாக மொண்டால் நல்ல தண்ணீர். ஆழத்துக்குப் போய் இறைத்தால் கடல் ஏறி வந்துவிடும். இதை வாடிக்கையாளர்களுக்கு வரைபடம் போட்டு விளக்கியும் மண்டையில் ஏறியதில்லை. அக்கா கிணற்றை எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. "அப்ப இத்தினி வருசமா கடலு தல மேல ஒக்காந்துகினுதான் டீ போட்டுகினு கீறேனா?"

ஊதும் குழாய்

செய்யூர்ப் பக்கம் முனுசாமி என்ற கடலை விவசாயி. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்து, தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போர் போட்டார். முன்னூற்றைம்பது அடி. சொட்டு இல்லை. வாயைத் தகர டப்பாவால் மூடிவைத்தார். ஐப்பசியில் ஒருநாள் டப்பா எகிறி விழுந்து, குழாய் உஸ்ஸென்று ஊத ஆரம்பித்தது. நான் போய்ப் பார்த்தபோது அதற்கு மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழ மாலையும் ஆகியிருந்தது.

வங்கக்கடலில் புயல் சின்னம் வந்தால் மேலே காற்றழுத்தம் குறையும், பாறை வெடிப்புக்குள் அடைந்திருக்கிற காற்று வெளியே வரும், அழுத்தம் ஏறினால் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று அரைமணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அன்றுமுதல் குழாய் ஊதினால் களத்தில் காயும் கடலையை அள்ளிவிடுவார். ஒருதடவைகூட ஏமாறவில்லையாம். அவருக்குக் குறை என் மேல்தான். "தண்ணி வரலன்னா இன்னா சார், மழ வர்றத சொல்லுது இல்ல? உங்க மிஷினு அதுவும் சொல்லல."

கேட்காத தண்ணீர்

சிறுசேரிப் பக்கம் அடுக்குமாடி ஒன்று. ஏரி இருந்த இடம் என்று அங்கே முளைத்திருந்த கோரைப்புல்லே சொல்லும். மண் தெரியாமல் சிமென்ட் போட்டுவிட்டு, கோடையில் போர் வற்றுகிறதே என்று என்னைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் இறங்க வழி விடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அதுவே உங்களைத் தேடி வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நவம்பரில் வந்தது. கார்கள் கண்ணாடி வரை முங்கின. சங்கச் செயலாளர் போன் செய்து என்னையே கோபித்துக்கொண்டார். "நாங்க ஏப்ரலுக்குத்தான் சார் தண்ணி கேட்டோம்."

இருபது அடி

இனித் தள்ளிப்போட முடியாது. டெய்சி அக்கா கடைக்கு நாலு மனை தள்ளி ஒரு ரிசார்ட் வந்தது. முதலாளி செங்கல்பட்டுக்காரர், கல்குவாரி வைத்திருந்தவர். அவருக்குத் தெரிந்த ஊரில் எல்லாம் ஆழம் போகப் போகத்தான் தண்ணீர். நான் அறிக்கையில் அடிக்கோடு போட்டு எழுதினேன்: இருபது அடிக்கு மேல் போகக் கூடாது; போனால் கடல்நீர் உள்ளே வரும், அக்கம்பக்கத்துக் கிணறுகளும் உப்பாகிவிடும். அவர் அதைப் படிக்காமலே பையில் வைத்துக்கொண்டு, நீச்சல்குளமும் புல்வெளியும் இருக்கிறது, நூற்றிருபது அடி போகட்டும் என்றார்.

ரிக் வண்டி மேஸ்திரி ஏழுமலை என்னோடு பல வருஷம் வேலை பார்த்தவர். இருபது அடி வந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முதலாளிக்கு இன்னும் மூணு மனை இருந்தது. மூணுக்கும் நான்தான் பார்ப்பதாகப் பேச்சு. என் வேலை முளை அடிப்பதோடு முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு டீ குடிக்காமலே பஸ் ஏறிவிட்டேன். ஏழுமலை கேட்டது மட்டும் இன்னும் கேட்கிறது. "நிறுத்தணும்னா இப்பவே சொல்லு அண்ணாத்த, அப்பால ராடு எறங்கிடும்."

ஒரு டீ

ரெண்டு கோடை கழித்துத்தான் அந்தப் பக்கம் போக மனசு வந்தது. கடை திறந்திருந்தது. பெஞ்சில் ஆள் இல்லை. தெருப் பெண்கள் லாரித் தண்ணீருக்காக ரோட்டோரம் குடம் வரிசை போட்டிருந்தார்கள். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை ரெண்டு மடங்கு போட்டும் அடியில் கரித்தது. முழுசாகக் குடித்தேன். அந்த மனையில் முளை அடித்தது நான்தான், இருபது அடி என்று எழுதிக்கூடக் கொடுத்தேன் என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. எழுதிக் கொடுத்தேன் என்பது ஒரு பதிலா?

அக்கா கிளாஸை வாங்கி, அந்த உப்புத் தண்ணீரிலேயே அலம்பிக் கவிழ்த்தார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. "தெரியும் சார். தண்ணி எங்க கீதுன்னு சொல்ல எத்தினியோ தபா வந்தீங்க. போவப் போவுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கி மட்டும் ஏன் சார் கடப் பக்கம் வரல?"

இத்தனை வருஷத்தில் என் அறிக்கையில் எழுதியபடி அட்சரம் பிசகாமல் நடந்துகொண்டது கடல் ஒன்றுதான்.