திகதி தாண்டிய பசை

பள்ளிமுனையில் என் தங்கை வீட்டுப் பிரிட்ஜில், பாரை மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில், எப்பொக்சி றெசின் டின் ஒன்று இருந்தது. தங்கையின் கணவர், என் மச்சான், பின்வளவுக் கொட்டகையில் மரத்தால், ஓர் ஆள் ஏறிப் பறக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். மன்னார் வெக்கையில் பசை கெட்டுவிடும் என்று பயந்து அதைக் குளிரில் வைத்ததில், அது வெள்ளையாகக் கட்டிபட்டுப்போயிருந்தது. டின்னில் அடித்திருந்த திகதியும் எப்போதோ தாண்டிவிட்டது.

நான் ஒரு விமானக் கம்பனியின் களஞ்சியத்தில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். திகதி தாண்டிய டின்னுக்குச் சிவப்புத் துண்டு கட்டி ஒதுக்குவது என் உத்தியோகம். வாழ்நாளெல்லாம் விமானங்களுக்குப் பக்கத்தில் நின்றும், என் கையால் ஓர் ஆணிகூட ஏறியதில்லை. மச்சானோ கணித வாத்தியார். அவர் செய்த இறக்கைச் சட்டங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. பிழை தேடினேன், கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில் இருந்தவனுக்கு டின் கண்ணில் பட்டது பெரிய ஆறுதல்.

"மச்சான், நீர் இதிலயே கிடந்த ஆள். இது சரிவருமோ?" என்று டின்னைக் காட்டி அவர் என்னைக் கேட்டார்.

சரிவராவிட்டால் புது டின் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். நீரிழிவால் அவர் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. அது வரும்போது இறக்கை ஒட்டக் கண் இருக்குமோ தெரியாது.

தங்கை என்னைக் குசினிக்குள் இழுத்தாள். "அண்ணா, பழுதாப்போச்சு எண்டு சொல்லுங்கோ. இந்தக் கண்ணோட அந்த மனிசன் மேல பறக்க, நான் கீழ நிண்டு செபமாலை சொல்லவோ?"

பொறாமைக்கு இவ்வளவு கௌரவமான சாட்டு எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

ஆனாலும் முறைப்படி ஒதுக்கவே விரும்பினேன். டின்னை வெந்நீரில் வைத்தேன். கட்டிகள் கரைந்து றெசின் தெளிந்தது. அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் தேயிலைச் சாய நிறத்துக்கு மாறியிருந்தது, பழுதுதான் என்று நம்பிக்கை வந்தது. இரண்டையும் அளவாகக் கலந்து மரத்துண்டுகளை ஒட்டி, நன்றாக இறுகும்வரை விட்டேன். பசை கழன்றால் பழுது. ஒட்டு விடாமல் மரமே கிழிந்தால் பசை நல்லது. கழலவேண்டும் என்று மன்றாடிக்கொண்டே வளைத்தேன். மரம் கிழிந்தது. இன்னொன்றை வளைத்தேன். அதுவும் கிழிந்தது.

குசினி வாசலில் தங்கை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாவிக்கலாம்," என்றேன். நல்ல மனத்தால் சொல்லவில்லை. பொய்த் துண்டு கட்டாதவன் என்ற பெயர் ஒன்றுதான் அவரிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது. தங்கை சட்டியை அடித்து வைத்த சத்தம் கொட்டகைவரை கேட்டது.

மச்சான் சிரித்துக்கொண்டே கொட்டகைத் தட்டிலிருந்து கிழிந்த மரத்துண்டுகள் சிலவற்றை எடுத்துக் காட்டினார். "நான் உமக்கு முந்தியே ஒட்டி உடைச்சுப் பார்த்திட்டன்."

"பிறகென்னத்துக்கு என்னைக் கேட்டனீர்?"

"உம்மட தங்கச்சி உம்மைப் பிடிச்சுப் பழுதெண்டு சொல்லச் சொல்லுவா எண்டு தெரியும். நீர் பொய் சொல்லுவீரோ எண்டு பார்த்தனான்."

அந்தச் சோதனையையும் அவரே செய்து முடித்திருந்தார்.

இன்று விமானம் முழுதாய் நிற்கிறது. பறக்க அனுமதி வரவில்லை. அவர் கண்ணும் குறைந்துகொண்டே போகிறது. போன கிழமை, "ஒருக்கா ஏறி இருந்து பாரும், மச்சான்," என்றார். ஏறினால் இறங்க மனம் வராது என்று எனக்குத் தெரியும். முழங்கால் நோகுது என்றேன். அந்தப் பொய்யை மட்டும் அவர் சோதித்துப் பார்க்கவில்லை.