மாமனாரின் மகுடமும் மற்றவர்களின் கட்டைவிரலும்

ஆபீசில் அவளை எல்லோரும் ‘ஓரக்கண்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இதில் அவதூறு எதுவும் இல்லை, உத்தியோகமே அதுதான். எழுத வருகிறவர், வராதவர், வரவே வராதவர் என்று முத்தரப்பும் எழுதிக் குவிக்கிற ஒரு பதிவுத் தளத்தில், தரக் குழுவில் இருந்தாள் அவள். நல்ல எழுத்து வாசகர் கண்ணில் பட வேண்டும், வாசகர் தேடுவது கைக்கு எட்ட வேண்டும். குழுவில் மற்றவர்கள் கணினியில் ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்து இந்தத் திருப்பணியைச் செய்தார்கள். அவளுக்குக் கோடுகளிடம் நம்பிக்கை கிடையாது. பஸ்ஸிலோ பல் டாக்டரின் வரவேற்பறையிலோ யாராவது போனில் தளத்தைத் திறந்தால் போதும், பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். முகம் ஜன்னலைப் பார்க்கும். கண் மட்டும் அவர்கள் விரலைப் பார்க்கும். எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது, எங்கே சலித்துப்போய்த் தள்ளுகிறது என்று. ஒருமுறை ஒரு பெண்மணி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேறு இருக்கைக்கு எழுந்து போய்விட்டார். பொதுச்சேவை என்று இறங்கிவிட்டால் இதையெல்லாம் பார்க்க முடியுமா?

‘வெளியிடு’ பட்டனுக்கும் ‘வெளியேறு’ பட்டனுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட வைத்தவள் அவள்தான். அதற்கு முன் எத்தனையோ கவிஞர்கள் கவிதையை வெளியிடுவதாக நினைத்துக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியால் இலக்கியத்துக்கு லாபமா நஷ்டமா என்பதில் ஆபீசில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இப்படிப்பட்டவளை மேலாளர் ஒரு நாள் அழைத்தார்.

“முகப்புப் பக்கத்தைப் பார்த்தீங்களா மேடம்? ஒவ்வொரு பதிவும் ரயில் நீளத்துக்கு இருக்கு. புதுசா வர்றவங்க எட்டிப் பார்த்துட்டு ஓடிடறாங்க. ஆனா நம்ம கணக்குப்படி இதுதான் ஆகச் சிறந்த எழுத்து! மணிக்கணக்கா திறந்து வெச்சுப் படிக்கறாங்க, இதயம் வேற போடறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணுங்க.”

தளத்தின் சட்டம் எளிது. எந்தப் பதிவு அதிக நேரம் திறந்திருக்கிறதோ, எதற்கு அதிகமாகச் சிவப்பு இதயம் விழுகிறதோ, அது முகப்புக்கு ஏறும். அந்தச் சட்டப்படி முதலிடத்தில் வீற்றிருந்த மகான் வேறு யாருமில்லை, அவளுடைய மாமனார்.

குடிநீர் இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ‘எண்ணம் என்னும் ஏணி’ என்று ஒரு தொடர் எழுதிவந்தார். அநேகமாக ஒவ்வொரு பதிவும் மனத்தில் தொடங்கி, பிரபஞ்சத்தைச் சுற்றி, பிரதான குழாயில் வந்து சேரும். “உத்தியோகத்துல இருந்தவரைக்கும் நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு மூடினவர்தான். இப்ப திறக்க மட்டும்தான் தெரியுது” என்பது அவர் மனைவியான அத்தையின் விமர்சனம். மாமனார் அதைப் பொருட்படுத்தவில்லை. மாதக் கடைசியில் முதலிட எழுத்தாளரின் பெயருக்குப் பக்கத்தில் தளம் ஒரு தங்க மகுடம் வைக்கப்போகிறது. முடி வெட்டுகிறவரிடம் சொல்லியாகிவிட்டது. மோவாயில் கை வைத்து, தொலைதூரத்தைப் பார்த்தபடி போட்டோவும் எடுத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் கணவன் சோபாவில் சாய்ந்து பிள்ளைக் கடமையாக அப்பாவின் பதிவைத் திறந்தான். இரண்டாம் பத்தியில் இமை தாழ்ந்தது. போன் நெஞ்சில் சரிந்தது. பிடித்திருந்த கட்டைவிரல் மெல்ல வழுக்கித் திரையின் கீழ் மூலையில் விழுந்தது. அங்கேதான் இதய பட்டன் இருந்தது. சிவப்பாக ஒரு இதயம் மலர்ந்தது. குறட்டையும் கூடவே மலர்ந்தது.

ஓரக்கண் அசையாமல் நின்றாள். தற்செயலாக இருக்கும் என்று மறுநாள் பல் டாக்டர் வரவேற்பறைக்குப் போனாள். கன்னம் வீங்கிய ஒருவர் ‘ஏணி’யைத் திறந்தார். பல்வலியோடு மனிதர் தூங்கிப்போனார், விரல் விழுந்தது, இதயம் மலர்ந்தது. நூலகத்து நாற்காலியிலும் அதே கதை. ஊரே தூங்கிக்கொண்டிருந்தது, தளம் அதைப் படிப்பு என்று எழுதிக்கொண்டிருந்தது.

மருந்து சின்னதுதான். இதயத்தைப் பதிவின் கடைசி வரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும், விரல் அசையாவிட்டால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். ஆனால் அதைச் செய்தால் மகுடம் போய்விடும். மகுடம் போனால் வீட்டில் யார் முகத்தில் விழிப்பது?

“மாசக் கடைசி வரைக்கும் தள்ளிப் போடேன்” என்றான் கணவன்.

“அதுக்குள்ள வாசகருங்க எல்லாம் ஓடிடுவாங்க.”

“எங்கப்பா ஓடிட்டார்னா?”

அத்தைதான் வழி சொன்னாள். “நீ சொன்னா மருமகளுக்குப் பொறாமைம்பார். நான் சொன்னா பழைய பகைம்பார். அவர் வாயாலேயே வரட்டும்.”

மறுநாள் மதியம், குழாய் எட்டிப்பார்க்காத பழைய ‘ஏணி’ ஒன்றைத் தேடிப் பிடித்து, பெயரை மறைத்துப் போனில் திறந்து மாமனாரிடம் கொடுத்தாள் மருமகள்.

“ஆபீஸ் வேலை மாமா. இதைப் படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லணும்.”

“தரம்னு வந்தா நம்மகிட்டதானேம்மா வரணும்!” மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

முதல் பத்தியில், “நல்ல நடை.” இரண்டாம் பத்தியில், “விஷயம் தெரிஞ்ச ஆளுதான்.” மூன்றாம் பத்தியில் சத்தம் இல்லை. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. கட்டைவிரல் சரிந்தது.

“விழுந்துடுச்சு!” என்று அத்தை கைதட்டினாள்.

திடுக்கிட்டு விழித்தவர் தீர்ப்பைச் சொன்னார்: “நல்லாத்தான் ஆரம்பிச்சான். அப்புறம் வீட்டுக்கு வழி தெரியாதவன் மாதிரி சுத்தறான். யாரும்மா இவன்?”

மருமகள் பெயரை வரவைத்துக் காட்டினாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். தன் குஞ்சையே அடையாளம் தெரியாமல் கொத்திவிட்ட காக்கை எப்படி இருக்கும் என்பதை அன்று அவர் முகத்தில் பார்க்க முடிந்தது. பெயரைப் பார்த்தார். மூலையில் இருந்த இதயத்தைப் பார்த்தார்.

“இதை நான் போடலையே.”

“யாருமே போடலை மாமா.”

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பிறகு வாழ்நாளிலேயே மிகச் சுருக்கமாக ஒன்று சொன்னார்: “மாத்திடும்மா.”

மாற்றினாள். வாடகை வீட்டுச் சுவரில் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஆணி அடிப்பது எப்படி என்று நாலே பத்தியில் எழுதிய ஒரு பெண்ணுக்கு மகுடம் போனது. வந்தவர்கள் நின்று படித்தார்கள். மேலாளர் சிரித்தார். வீட்டில்தான் அமைதி தாங்க முடியவில்லை. மாமனார் எழுதுவதை நிறுத்திவிட்டு, பூந்தொட்டிகளுக்குத் தேவைக்கு மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் புகார்கள் வர ஆரம்பித்தன. ‘ஏணியை எங்கே ஒளித்து வைத்தீர்கள்?’ ‘இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸ் நான். பகலில் அது இல்லாமல் கண் மூட முடியவில்லை.’ ‘ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?’

ஓரக்கண் யோசித்தாள். வாசகர் தேடுவது கைக்கு எட்டாவிட்டால் தப்பு யார்மேல்? முகப்பின் ஓரத்தில் புதிதாக ஒரு கதவு திறந்தாள். பெயர்: ‘சற்றே கண்ணயர’.

“இது மரியாதையா, அவமானமாம்மா?” என்றார் மாமனார்.

“தூக்கம் வராம ஜனங்க காசு கொடுத்து மாத்திரை வாங்குதுங்க. உங்களுது இலவசம், பக்கவிளைவும் இல்ல” என்றாள் அத்தை.

“அந்தப் பிரிவுல நான்தான் முதலா?”

“போட்டிக்கே ஆள் இல்ல மாமா.”

அன்றே உட்கார்ந்தார். இப்போது அவர் எழுதுவதில் ஒரு நுட்பம் வந்திருக்கிறது. எந்த வாக்கியத்தில் வாசகர் கொட்டாவி விடுவார், எந்தக் குழாயில் விரல் தளரும் என்று யோசித்து யோசித்து எழுதுகிறார். கமெண்டுகளைக் காலைக் காபியோடு படித்துக் காட்டுவார். ‘மூணாவது வரியோடு சரி, ஐயா!’ என்று யாராவது எழுதியிருந்தால் அன்றைக்கு முழுக்க நடையில் ஒரு மிடுக்கு இருக்கும்.

போன வாரம் மட்டும் முகம் வாடியிருந்தது. அவள் விசாரித்தாள். போனை நீட்டினார். யாரோ ஒரு வாசகர் எழுதியிருந்தார்: ‘கடைசி வரி வரை விடாமல் படித்தேன். அற்புதம்!’ கீழே ஒரு இதயம், விழித்திருந்து போட்டது.

“எங்கேயோ சறுக்கிட்டேன்மா” என்றார் மாமனார். “நடுவுல ஒரு குழாய் குறையுது போலிருக்கு.”