சோதனைச் சாவடியில் ஒரு குரோத் ஃபாக்டர்

எல்லைச் சோதனைச் சாவடியில் என் காரை ஓரங்கட்டச் சொன்னார்கள். பின் சீட்டில் பெரிய தெர்மோகோல் பெட்டி. அதன்மேல் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் ‘ரீகாம்பினன்ட் ஹியூமன்’ என்று இருந்தது. அந்த இரண்டாவது சொல்தான் வினை.

தக்கலைப் பக்கம் ஒரு தனியார் ஆய்வகத்தில் நான் லேப் மேனேஜராக இருந்தேன். ஆராய்ச்சி மாணவி ஷீபா, ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து பிளேட்டில் வளர்த்துக்கொண்டிருந்தாள். அவை உயிரோடிருக்க, நம் உடம்பில் தானாகச் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். குரோத் ஃபாக்டர் என்போம். பிளேட்டில் வளர்ப்பவர்கள் அதை வாங்கித்தான் ஊற்ற வேண்டும். பழைய ஸ்டாக் தீர்ந்துவிட்டது. புதியது திருவனந்தபுரம் வரை வந்து கூரியர் ஆபீசில் கிடந்தது. நானே போய் எடுத்துவந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஆசுபத்திரிக் கழிவ எல்லாம் கொண்டாந்து எங்க ஊரு கொளத்துல தட்டிட்டுப் போறானுவ, சார். ஊசியும் ரத்தப் பஞ்சுமா மெதக்கு. அதான் கேக்கேன். இது மனுசனுக்க என்னது?”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நானும் பொறுப்பாகவே பதில் சொன்னேன்.

“மனுசங்கிட்டயிருந்து எடுத்தது இல்ல சார். மனுச ஜீன பாக்டீரியாவுக்குள்ள வச்சு உண்டாக்கினது.”

“பாக்டீரியாவா? அப்ப கிருமி!”

“கிருமி இல்ல சார். கிருமிக்குள்ள செஞ்சு, சுத்தமா பிரிச்சு எடுத்தது.”

“எதுக்கு? ஊசி போடவா?”

“ஐயோ, மனுசனுக்குக் குடுக்கவே கூடாது. ஆராய்ச்சிக்கு மட்டும்.”

“மனுசனுக்குள்ளதுங்கீங்க, மனுசனுக்குக் குடுக்கக் கூடாதுங்கீங்க. நல்லா கொள்ளாம்!”

நான் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மை கூடக் கூட அவர் பெட்டியிலிருந்து தள்ளித் தள்ளி நின்றார். அந்த நேரம் பார்த்து ஷீபா போன் செய்தாள். கார் ஸ்பீக்கரில் அவள் குரல் சாவடி முழுக்கக் கேட்டது.

“சார், எங்க நிக்கிறீங்க? சீக்கிரம் வரலைன்னா எல்லாம் செத்துரும் சார்!”

“யாரு சாவுதா?” என்றார் அவர்.

அதற்குப் பிறகு பெட்டியைத் திறக்காமல் விடுவாரா? ஐஸ் பேக், அதற்குள் பை, அதற்குள் டப்பா, அதற்குள் சுண்டுவிரல் நுனியளவு குப்பி. மூடியைத் திருகப் போனார். திறந்தால் சுத்தம் கெட்டுவிடும். ஷீபாவின் மாதக்கணக்கான உழைப்பும் போய்விடும்.

“சார், வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, மூடிய மட்டும் தொறந்துராதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

உயர்த்திப் பார்த்தார். குலுக்கினார். கவிழ்த்தார். உலர்த்திய புரதம், மைக்ரோகிராம் கணக்கில் கண்ணாடியில் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

“இதுல ஒண்ணுமே இல்லியே!”

விளக்கம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“காலிக் குப்பிய வித்து உங்கள நல்லா ஏமாத்திட்டானுவ, சார். வேணும்னா ஒரு கம்ப்ளெயின்ட் குடுங்க, நான் பாக்கேன்” என்று, உண்மையிலேயே வருத்தப்பட்டு, பெட்டியைத் தன் கையாலேயே மூடிக் கொடுத்தார்.

ஷீபா குப்பியை சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் கருவியில் வைத்து, மூடியில் ஒட்டியதையும் அடிக்கு இறக்கி, கரைத்து, செல்களுக்கு ஊற்றினாள். பாதி அதற்குள் செத்திருந்தது. மீதி பிழைத்து, சில நாட்களில் பிளேட்டின் அடியில் கைகால் நீட்டிக் கிடந்தது. அவள் படிப்பு அந்த மீதியில்தான் முடிந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாராவது பெட்டியைக் காட்டிக் கேட்டால் ஜீனிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கேட்கிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். “இது கழிவு இல்ல சார்” என்று அன்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.