ஏழரை மில்லிமீற்றர்

எங்கள் வீட்டுப் பிளக் பொயின்றுகளில் நெருப்புக்குச்சி செருகியிருக்கும். மூன்று ஓட்டைகளில் மேலே இருப்பது ஏர்த், கசிகிற கறண்டை நிலத்துக்கு இறக்குகிற வழி. அதற்குள் எதையாவது குத்தினால்தான் கீழேயுள்ள இரண்டும் திறந்து இரட்டைப் பின் பிளக்கை உள்ளே விடும். இந்த வித்தை தெரியாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. பண்டத்தரிப்பில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

மனைவிக்குச் சமைக்கும்போது பாட்டு வேண்டும். போனின் கீச்சுக் குரல் போதவில்லை என்றாள். அம்பிளிபயர் நானே செய்து தருகிறேன் என்றேன். இணையத்தில் கிடந்த ஒரு படத்தைப் பார்த்துச் சுற்றுப்பலகையை வரைந்து, செய்வித்து, தகரப் பெட்டிக்குள் பூட்டினேன். வாங்கிய மூன்று பின் பிளக் உருண்டைப் பின். எங்கள் பொயின்றோ சதுரம். பிறகு மாற்றுவோம் என்று ஏர்த் கம்பியைக் கழற்றிவிட்டு இரட்டைப் பின்னைப் பூட்டி, குச்சியைக் குத்திப் போட்டேன். அருமையாகப் பாடியது. அந்தப் ‘பிறகு’ ஐந்து மாதமாக வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவள் வீடு கழுவிவிட்டு ஈரக் கையோடு பெட்டியைத் துடைத்தாள். கறண்ட் அடித்தது. கசிவு கண்டால் தானே அணைகிற ட்ரிப் சுவிச் விழுந்ததால் தப்பினாள். நான் ஓடிப்போனபோது சுவரோடு சாய்ந்திருந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நோகுதோ என்று கேட்கத்தான் குனிந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

“ஈரக் கையோடை ஏன் தொட்டனீர்?”

“வீடு கழுவினா கை ஈரமாத்தான் இருக்கும். உங்கடை பெட்டிக்கு உது தெரியாதோ? இனி நான் உதுக்குக் கிட்டவும் வரமாட்டன்.”

பெட்டியைத் திறந்தேன். பலகையைப் பெட்டியோடு பிடித்திருந்த திருகாணி ஒன்று பாட்டின் அதிர்வில் தளர்ந்து, அதன் வட்டத் தகடு பக்கத்தில் மெயின்ஸ், அதாவது சுவர்க் கறண்ட், ஓடிய செம்புக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் விட்ட இடைவெளி ஒரு நகக்கண் அளவு. ஏர்த் கம்பி இருந்திருந்தால், பெட்டியில் கறண்ட் ஏறிய அந்தக் கணமே ட்ரிப் விழுந்திருக்கும். ஒருவரும் தொட்டிருக்கத் தேவையில்லை. அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டவன் நான்.

இணையத்தில் அந்தப் படத்தை வரைந்தவர் எங்கேயோ சப்பாத்தோடு மரத்தரையில் நிற்கிறவராக இருக்க வேண்டும். நாங்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஈரச் சீமெந்தில் நிற்கிறவர்கள். குச்சி குத்துகிற கையும் எங்களுடையதுதான். ஏர்த் இல்லாவிட்டாலும், பிளக்கைத் தலைகீழாகச் செருகினாலும், ஈரக் கை பட்டாலும் ஆளைத் தொடாத பலகை ஒன்று செய்யாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

மெயின்ஸ் பக்கத்துக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் எட்டு மில்லிமீற்றர். நடுவே பலகையையே வெட்டி ஒரு பிளவு, ஈரமும் தூசும் பாலம் போடாதிருக்க. இரண்டு கம்பியிலும் கறண்டைச் சேர்த்து அறுக்கிற சுவிச். ஆணிகள் பிளாஸ்ரிக். மெயின்ஸ் பகுதி முழுவதும் தகரப் பெட்டிக்குள்ளே தனியாக ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில். இரண்டு பலகைகளைக் குப்பையில் போட்டேன். மூன்றாவதை அச்சுவேலியில் ரேடியோ திருத்துகிற நண்பரிடம் காட்டினேன். ஒரு மூலையில் ஏழரைதான் வந்திருந்தது.

“அரை மில்லிமீற்றரை ஆர் அளக்கப்போறான்? பூட்டுங்கோ,” என்றார்.

“ஏழரை ஒருக்கா வீட்டுக்குள்ளை வந்திட்டுது அண்ணை. போதும்.”

இவ்வளவு நாளும் சமைக்கும்போது குசினியில் பாட்டுச் சத்தமில்லை. போனில்கூட அவள் பாட்டுப் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாலாவது பலகை வந்தது. சதுரப் பின் பிளக்கில் ஏர்த் கம்பியை முறையாகப் பூட்டினேன். நண்பரின் மீற்றரை இரவல் வாங்கி, ஏர்த்தோடும் ஏர்த் இல்லாமலும் அளந்தேன். கசிவு இல்லை. பிறகு ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று பெட்டியில் கை வைத்தபடி கூப்பிட்டேன்.

“இஞ்சரும், ஒருக்கா வந்து பாரும்.”

அரிசி கழுவின கையோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள். கையைத் துடைக்காமலே சுவிச்சைப் போட்டாள். பாட்டு வந்தது. ஈரக் கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பாட்டு முடியுமட்டும் எடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அறை அறையாகப் போனாள். ஒவ்வொரு பொயின்றிலும் இருந்த குச்சியை இழுத்தெடுத்து, எல்லாவற்றையும் அடுப்புக்குள் போட்டாள்.

“பெட்டியை நம்புறன்,” என்றாள். “உங்களைத்தான் நம்பேலாது.”