வசந்தியக்காவின் அம்மாவும் எங்கள் பங்கரும்

இன்று கொடிகாமம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீர் எங்கடை பள்ளிக்கூடம்தானே?"

வசந்தியக்கா! என்னைவிட நாலு வகுப்பு மேலே படித்தவர். நான் முதலில் விசாரித்தது அவருடைய அம்மாவைத்தான்.

"அம்மா தவறி ஆறு மாதமாகுது" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் போதாது. வசந்தியக்காவின் அம்மா சம்பளம் இல்லாமல் தினமும் வருவார். குண்டு போட வரும் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டதும் முதலாம் வகுப்புப் பிள்ளைகளான எங்களை, பள்ளியில் வெட்டியிருந்த பதுங்குகுழியான பங்கருக்குள் இறக்கிவிட்டு, கடைசியாகத்தான் தான் இறங்குவார்.

உள்ளே இருட்டில் ஒவ்வொருவராகக் கேட்பார்: "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

நாங்கள் போட்டி போட்டுப் பொய் சொல்வோம். ஒருநாள் நான் கோழிப் புரியாணி என்றேன். குண்டுச் சத்தத்துக்கு மேலால் அவர் சிரித்தது இன்னும் கேட்கிறது.

"உங்கடை அம்மாவுக்குப் பயமே இல்லை, அக்கா" என்றேன்.

வசந்தியக்கா இல்லையென்று தலையாட்டினார்.

"வீட்டை வந்தா கை நடுங்கும். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாது, நான்தான் பருக்கிறனான். 'நாளைக்குப் போகாதையுங்கோ அம்மா' எண்டு அழுவன். விடியப் பார்த்தா, எனக்கு முந்தி பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு நிப்பா."

அவர் கையைப் பிடித்தபடியே கொடிகாமம் வரை போய்விட்டேன். நான் இறங்க வேண்டியது அதற்கு முன்னாலேயே, மீசாலையில்.

அம்மாவின் பெயர் மகேஸ்வரி என்று இன்றுதான் கேட்டு அறிந்தேன். அந்தப் பங்கரில் இருந்த உங்களில் யாருக்காவது முன்பே தெரியுமா, இல்லை எல்லோரும் என்னைப் போலத்தானா?