முதல் பெஞ்சுக்காரர் கொண்டுவந்த நன்மை

எங்கள் மாதா கோயில் பங்கில் அவரை முதல் பெஞ்சு என்றுதான் சொல்வோம். மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டாரை மோந்து பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குள் வந்தால் மட்டும் அந்த மூக்கு வேலை செய்யாது. பூசைக்கு மணி அடிக்குமுன் முதல் பெஞ்சில் முழங்காலில் இருப்பார். பாட்டுக்காரர்களைவிட அரை வரி முன்னாலேயே பாடி முடித்துவிடுவார், மோட்சத்துக்கும் முந்திப் போகிறவர் மாதிரி.

நான் அடுத்த வீடு. கோயில் பீடத் துணிகளைத் துவைத்துக் கொடுக்கிறவள். நடுவில் ஒரே சுவர் என்பதால் அவர் வீட்டு ஜெபமாலை எனக்கும் கேட்கும்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே... அடியே, அடுப்பை அணைச்சியா? அறிவு கெட்டவளே!... பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவள் நீரே."

ஒருநாள் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வந்திருந்தபோதும் இதே கூத்து. கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே இருக்கும் அவருடைய அக்கா சிரித்துவிட்டாள்.

"தம்பி, நீ திட்டுனது மாதாவையா, உன் பொண்டாட்டியையா? சேத்துத் திட்டுனா மாதா குழம்பிடுவாங்கடா."

உபதேசியாரும் சிரித்தார். முதல் பெஞ்சுக்கு அன்றோடு அக்காவிடம் பேச்சு நின்றது. ஐந்து வருஷம். நடுவில் பக்கவாதம் வந்து அவள் பின்அறைக் கட்டிலில் விழுந்தாள். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

இந்த வருஷம், மாதத்தின் முதல் வெள்ளிதோறும் கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டுபோகும் பொறுப்பைப் பங்குச் சாமியார் அவரிடம் கொடுத்தார். அன்று கடையைப் பூட்டி, விரலில் ஒட்டிய வார்னிஷை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, வெள்ளைச் சட்டை மாட்டி, நற்கருணைச் சிமிழைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பதினொரு வீடு ஏறி இறங்குவார். அக்கா என்னைக் கூப்பிட்டு உடம்பைத் துடைத்துவிடச் சொல்வாள், வெள்ளைத் துணி விரிக்கச் சொல்வாள், மெழுகுதிரி ஏற்றச் சொல்வாள். பின்அறைக்கு மட்டும் அவர் வரமாட்டார். அக்காவுக்கும் கொடுத்தாயா என்று சாமியார் கேட்டால், "எங்க வீட்டுல எதுக்கு சாமி குறை?" என்பார். பொய்யை இவ்வளவு பக்தியாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

மூன்று வெள்ளி இப்படியே போயிற்று. நான்காவது வெள்ளி அவர் திரும்பி வரும்போது வாசலில் மறித்தேன்.

"அண்ணே, அக்கா நன்மைக்கு ஏங்கிப்போயி கெடக்குறாங்க. இன்னைக்கும் கொடுக்கலேன்னா நானே போயி சாமியார்கிட்ட சொல்லிடுவேன்."

"மொதல்ல அவ மன்னிப்புக் கேக்கட்டும்."

உள்ளிருந்து குழறிய குரல் வந்தது. "கேட்டுட்டேன்டா தம்பி. மன்னிச்சுக்க. ஆண்டவரை உள்ள கொண்டா."

கூலியை எண்ணி வாங்கியவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். புத்தகத்தைத் திறந்து நேரே பாவமன்னிப்பு ஜெபத்தில் ஆரம்பித்தார்.

"மொத வரியை விட்டுட்டியேடா," என்றாள் அக்கா.

'இந்த வீட்டுக்கும் இதில் வாழும் எல்லாருக்கும் சமாதானம் உண்டாவதாக' என்பதுதான் அது. பதினொரு வீட்டில் ராகம் போட்டுச் சொன்ன வரி. இங்கே கட்டில் காலைப் பார்த்து முணுமுணுத்தார். 'எல்லாருக்கும்' என்பதை மென்று விழுங்கிவிட்டார். அவள் அதற்கும் ஆமென் சொல்லி, கோணிய வாயைத் திறந்து நன்மை வாங்கினாள். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தது.

சிமிழை மூடியதும் அவர் அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "அடியே, இந்த மெழுகுதிரியை அணை! தெண்டத்துக்கு எரியுது."

அவர் மனைவி ஓடிவந்தாள். திரி எரியட்டும் என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் படியிறங்கிப் போகும்வரை விடவில்லை.