விதைநெல் ஊறிய வீடு

சீனி வருத்தம் வந்த பிறகு வைத்தியர் என்னை முளைத்த பயறு தின்னச் சொல்லியிருக்கிறார். காலையில் ஒரு கைப்பிடி. ஈரத்துணியில் கட்டி வைத்துவிட்டு மறந்துபோவதில் நான் கெட்டிக்காரி. இன்று காலை ஞாபகம் வந்து துணியை அவிழ்த்தால், குப்பென்று ஒரு புளித்த சூட்டு வாசம். பயறை எறிந்துவிட்டேன், வாசம் போகவில்லை. கிழக்கிலங்கையின் கல்முனையில் எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடியில் கொண்டுபோய் என்னை நிறுத்திவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வெயில் தணிந்து கடல் பக்கம் மேகம் கறுக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டில் யாருக்கும் குந்தியிருக்க நேரம் கிடையாது. மாரி வருமுன் சமைக்கும் குசினியின் கூரைக்குத் தென்னோலைக் கிடுகு மாற்ற வேண்டும், விறகு அடுக்க வேண்டும், மழை மாதங்களுக்கான சாப்பாட்டு நெல்லை அவிக்க வேண்டும். விடியுமுன்பே உம்மா பின்வளவில் பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றிவிடுவார். அவித்த நெல்லை என் மூத்தவள், ராத்தா, பாயில் பரப்புவாள். நான் கோழி விரட்டுவேன். அதாவது, விரட்டுவதாகச் சொல்லிக்கொண்டு கதைப்புத்தகம் வாசிப்பேன். கோழிகளுக்கு என்னில் நல்ல விருப்பம்.

இத்தனைக்கும் நடுவில் விதைநெல். சாக்கோடு தொட்டியில் ஊறவிட்டு, பிறகு வைக்கோல்மேல் அடுக்கி, வாழையிலை மூடி, மேலே பாரம் வைத்தால் உள்ளே சூடேறி முளை கட்டும். அது உம்மாவின் பொறுப்பு. சூடு கூடினால் விதை செத்துவிடும், குறைந்தால் முளைக்காது. அடிக்கடி சாக்குக்குள் கையை விட்டு, காய்ச்சல் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் பார்ப்பார். முளைத்துவிட்டால் உடனே விதைத்தாக வேண்டும். எடுத்து வைக்கவும் முடியாது, குற்றிச் சோறாக்கவும் முடியாது.

எங்கள் வயல் நாவிதன்வெளிப் பக்கம். ஆற்றுக்குக் குறுக்கே உள்ள கிட்டங்கிப் பாதையைத் தாண்டிப் போக வேண்டும். அந்த வருடங்களில் தமிழ் ஆட்களுக்கும் முஸ்லிம்களான எங்களுக்கும் இடையில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் இங்கே வரப் பயம், நாங்கள் அங்கே போகப் பயம். எங்கள் வயலைப் பார்த்துக்கொண்ட தம்பிப்பிள்ளை அண்ணன் அந்தப் பக்கத்துத் தமிழர். நல்ல மனிசன். பால்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "வயல உழுது மட்டம் பண்ணியாச்சி. விதைய ஊறப்போடச் சொல்லுங்க." வாப்பா அன்றைக்கே ஊறப்போட்டார்.

அதற்கு அடுத்த நாள், பக்கத்துத் தெருவில் ஒருவர் வயல் பார்க்கப் போய்த் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகும்போது அவருடைய மனைவி வாசலில் நின்றார். வரும்போதும் அதே இடத்தில் நின்றார்.

அன்று பின்னேரம் உம்மா வாப்பாவின் தேத்தண்ணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அல்லாஹ்வுக்காகப் போகாதீங்க. ஒரு போகம் தரிசாக் கிடந்தா நாம செத்தா போயிருவம்?"

"விதை முளைச்சிட்டே புள்ள. இனி என்ன செய்யிற? நாங்க கனபேர் சேந்து உழவு மெசின்லதான் போறம்."

"அந்த மனிசனும் ஒண்டுமில்ல, ஒண்டுமில்லண்டுதான் பொஞ்சாதிக்கிட்டச் சென்னாராம்."

வாப்பா தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். போவது என்று முடிவெடுத்தால் அவர் அதிகம் கதைக்க மாட்டார்.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்கு வாப்பா பள்ளிக்குப் போன கையோடு, உம்மா கிடாரத்துக் கொதிநீரை வாளியில் அள்ளினார். வழக்கமான நெல் அவிப்பு என்றுதான் நானும் ராத்தாவும் நினைத்தோம். அவர் நேரே விதைச் சாக்குகளிடம் போனார். வாழையிலையை விலக்கினார். ஊற்றினார். ஒரு சாக்கையும் விடவில்லை.

"உம்மா, என்ன செய்யிறீங்க!" என்று ராத்தா கத்தினாள்.

"வாயப் பொத்து."

வாப்பா வந்தபோது முன்வாசலில் உழவு மெசின் நின்றது. சாக்கைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முளைநெல்லின் புளித்த வாசம் இல்லை. சோறு வெந்த வாசம். கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தார். வெள்ளை முளைகள் துவண்டு விரலில் ஒட்டின. உம்மாவைப் பார்த்தார்.

"என்ன காக்கா, ஏத்தல்லயா?" என்று வெளியிலிருந்து ஒருவர் கேட்டார்.

"விதை பழுதாப் போயிட்டு தம்பி. நீங்க போங்க."

மெசின் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் உம்மா அழுதார். "செத்த விதையப் பாத்துக்கிட்டு நான் இருந்திருவன். ஒங்கள அப்பிடிப் பாக்க எனக்கு ஏலா." வாப்பா கையிலிருந்த பிடியைச் சாக்கிலேயே போட்டுவிட்டு, கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினார்.

பின்னேரம் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். முழங்கால்வரை சேறு, வாய் நிறையச் சிரிப்பு. அந்த முறை மழையும் நன்றாகப் பெய்தது. அவர்கள் வீடுகளில் நெல் வந்து இறங்கியபோது உம்மா வெளியே தலைகாட்டவில்லை. எங்கள் பசுக்கள்தான் அவிந்த விதையைத் தின்று கொழுத்தன. எனக்கு உம்மாமேல் அப்போது சரியான கோபம். வாப்பாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் அவர் ஒரு நாளும் உம்மாவை ஏசவில்லை. எங்கள் வீட்டில் விதை ஊறியதும் அதுதான் கடைசி. வயல் குத்தகைக்கு இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் விலைக்கே போய்விட்டது. வாப்பா சந்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கடை போட்டார். பரம்பரை வயல்காரர், கடை அரிசியைக் கல் பொறுக்கிச் சமைக்கக் கொடுத்தார்.

உம்மாவுக்கு வயதான பிறகு ஒருநாள் துணிந்து கேட்டேன். "அண்டைக்குப் போன ஆக்கள் எல்லாரும் வந்தாங்கதானே உம்மா?"

"ஓம், வந்தாங்க. வருவாங்கண்டு விடியக்காலயில எனக்கு ஆரு செல்லித் தந்த?"

இப்போது கிட்டங்கியால் யாரும் எந்த நேரமும் போகலாம், வரலாம். கிடாரமும் இல்லை, கிடுகுக் குசினியும் இல்லை. வாப்பாவும் மௌத்தாகிவிட்டார். தன் கட்டிலில், பிள்ளைகள் சுற்றி நிற்க, உம்மாவின் கையால் கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு வாசலில் காத்து நின்ற அந்தப் பக்கத்துத் தெருப் பெண்ணும் மையித்துப் பார்க்க வந்திருந்தார். வாப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உம்மாவின் கையைப் பிடித்து, "நீ குடுத்து வெச்சவ" என்றார்.